கடலடியில் படம் பிடிக்க எந்த லென்ஸ்? – ஒரு மதிப்பீடு

ஒரு வாளி, தெளிந்த தண்ணீர், அடிப்பகுதி தட்டையான ஒரு கண்ணாடி டம்ளர், ஓர் அளவுகோல். இவ்வளவும் வீட்டில் இருந்தால் இந்தக் கட்டுரையின் பாதியை நீங்களே கண்டறிந்துவிடலாம். அளவுகோலை வாளியின் அடியில் கிடத்தி, தண்ணீரை நிரப்புங்கள். டம்ளரின் அடிப்பாகத்தை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் வாயருகே கண்ணை வைத்து அளவுகோலைப் பாருங்கள். எத்தனை சென்டிமீட்டர் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு, டம்ளரை அதே உயரத்தில் பிடித்து மீண்டும் பாருங்கள். இப்போது அளவுகோலில் கூடுதலான நீளம் தெரியும். தண்ணீர் இருந்தபோது கோடுகள் பெரிதாகத் தெரிந்தன. ஆனால் பார்வைக்குள் அடங்கியவை குறைவு.

காரணம் பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.33, கடல்நீருக்குச் சற்று அதிகமாக, 1.34. நீரிலிருந்து தட்டையான கண்ணாடி வழியாகக் காற்றுக்குள் வரும் கதிர் செங்குத்துக் கோட்டை விட்டு விலகி வளைகிறது. அதனால் பார்வைக் கோணம் குறுகுகிறது.

டம்ளருக்கு நேர்ந்தது காமிராவுக்கும் நேரும். பழைய 35 மி.மீ. பிலிம் அளவுள்ள காமிரா ஒன்றில் 24 மி.மீ. குவியத் தூரமுடைய லென்ஸ் மூலைக்கு மூலை 84 பாகைக் கோணத்தைப் பார்க்கும். அதைத் தட்டைக் கண்ணாடி முகப்புள்ள நீர்புகாப் பெட்டிக்குள் வைத்துக் கடலில் இறக்கினால் அந்தக் கோணம் 60 பாகையாகச் சுருங்கிவிடுகிறது. இன்னும் அகலமான லென்ஸை வாங்கினால் சரியாகிவிடாதா? 16 மி.மீ. லென்ஸ் காற்றில் 107 பாகை. தட்டைக் கண்ணாடிக்குப் பின்னால் 74 பாகைதான். எத்தகைய லென்ஸை வைத்தாலும் 97 பாகையைத் தாண்டவே முடியாது என்பது ஒளிவிலகல் விதியின் தீர்ப்பு. விளம்பரத்தில் அச்சிடப்படும் கோணம் காற்றில் அளந்தது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள்.

அந்தமானுக்கோ இலட்சத்தீவுகளுக்கோ சென்று, மூச்சுக்கருவியுடன் கடலுக்குள் இறங்கிப் பார்க்க விரும்பும் இளைஞர்கள் இன்று பலர். பார்த்ததைப் படமாகக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசையும் அவர்களுக்கு எழுகிறது. காமிராக் கடையிலும் அனுபவசாலிகளிடமும் விசாரித்தால் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை இது: லென்ஸ் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது, முகப்புக் கண்ணாடி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. இதை நம்பிப் பல மாதச் சம்பளத்தைச் செலவிடுவோரும் உண்டு. இந்த அறிவுரை எவ்வளவு தூரம் சரி என்று ஆராய்வோம்.

அகலம் எதற்காக?

தரையில் அகலக் கோண லென்ஸை நாம் பயன்படுத்துவது, குறுகிய தெருவில் நின்றுகொண்டு முழுக் கோபுரத்தையும் படத்துக்குள் அடக்குவதற்கு. கடலுக்குள் அதன் வேலை வேறு. பொருளை விட்டு விலகாமல், அதன் அருகிலேயே இருந்துகொண்டு அதை முழுவதுமாகப் படத்தில் அடக்க அது உதவுகிறது. காமிராவுக்கும் பொருளுக்கும் இடையிலுள்ள நீரைக் குறைப்பதே அதன் உண்மையான பயன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 மீட்டர் அகலமுள்ள ஒரு விசிறிப் பவளத்தைப் படத்தின் மூலைக்கு மூலை நிரப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணம் 60 பாகையானால் நீங்கள் 1.73 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 100 பாகையானால் 84 செ.மீ. போதும். 130 பாகையானால் 47 செ.மீ. மட்டுமே.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? நீர் சிவப்பு ஒளியை விழுங்குகிறது. மாசற்ற தூய நீரிலேயே 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியில் ஏறத்தாழ 30 சதவீதம் ஒரே மீட்டரில் மறைந்துவிடும். காமிராவின் பக்கத்தில் பொருத்திய பிளாஷ் விளக்கின் ஒளி பொருள்வரை சென்று, திரும்பி வர வேண்டும். ஆகவே தூரத்தை இரட்டிக்க வேண்டும். 1.73 மீட்டரில் நின்று எடுத்தால், புறப்பட்ட சிவப்பில் 31 சதவீதமே நீரைத் தாண்டி வரும். 47 செ.மீ. தூரத்தில் எடுத்தால் 73 சதவீதம் வரும். முதல் படத்தில் பவளம் சாம்பல் பூசியதுபோல் இருக்கும்; இரண்டாவதில் செக்கச்செவேல் என்றிருக்கும். கடல்நீரில் மிதக்கும் நுண்துகள்களும் உண்டு. இடையில் நீர் அதிகமாக இருந்தால் இவையும் அதிகம். பிளாஷ் ஒளி இவற்றின்மேல் பட்டு, படம் முழுவதும் மாவு தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றும்.

ஒளிப் பஞ்சம் புதிய தொல்லை அல்ல. பிரான்ஸ் நாட்டு உயிரியலறிஞர் லூயி பூத்தான் 1893இல் பான்யூல் கடற்கரையருகே நீருக்கடியில் படமெடுக்கத் தொடங்கியபோதே இதனோடு போராடினார். 1926இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையோரம் லாங்லியும் மார்ட்டினும் நீருக்கடியில் முதன்முதலாக வண்ணப் படம் எடுத்தபோது, மிதவையொன்றின்மேல் மெக்னீசியத் தூளை வெடிக்கவைத்துத்தான் போதிய ஒளியைப் பெற்றார்கள். இன்று கையடக்கமான பிளாஷ் விளக்குகள் கிடைக்கின்றன. ஆனால் நீர் ஒளியை விழுங்குவது மட்டும் மாறவில்லை.

எனவே எந்தக் கருவியையும் எடைபோட இரண்டு கேள்விகள் போதும். பொருளுக்கு எவ்வளவு அருகே செல்ல அது இடந்தருகிறது? பயணத்தில் எவ்வளவு சுமையாகிறது? இந்த உரைகல்லில் நான்கு வகைகளை உரைத்துப் பார்ப்போம்.

நேர்கோட்டு லென்ஸும் பெரிய டோமும்

தட்டைக் கண்ணாடியின் குறையைப் போக்க, கிண்ணத்தைக் கவிழ்த்தது போன்ற அரைக்கோள முகப்பைப் பொருத்துகிறார்கள். இதை ‘டோம்’ என்பர். லென்ஸின் நுழைவாய் கோளத்தின் மையத்தில் அமைந்தால் எல்லாத் திசையிலிருந்தும் வரும் கதிர்கள் கண்ணாடியைச் செங்குத்தாகக் கடக்கும், வளைவதில்லை. கோணம் குறையாமல் காக்கப்படுகிறது.

ஆனால் இந்த லாபத்துக்கு ஒரு விலை உண்டு. நீரால் சூழப்பட்ட டோம் தானே ஒரு குழிலென்ஸ் போல் செயல்படுகிறது. வெகு தொலைவிலுள்ள பொருளின் மாயபிம்பமும் டோமின் முன்னே, அதன் ஆரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் விழுந்துவிடும். உங்கள் லென்ஸ் கடலைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குச் சற்று முன்னால் தொங்கும் மாயபிம்பத்தைத்தான் பார்க்கிறது. அந்தப் பிம்பம் தட்டையாகவும் இல்லை, கிண்ணம்போல் வளைந்திருக்கிறது. கட்டடங்களின் நேர்கோடுகளை நேர்கோடுகளாகவே காட்டும்படி செய்த சாதாரண அகலக் கோண லென்ஸ், தட்டையான பிம்பத்தை எதிர்பார்க்கிறது. அதனால் படத்தின் நடுப்பகுதி கூர்மையாகவும் மூலைகள் மங்கலாகவும் அமைகின்றன. துவாரத்தை எஃப் 11, எஃப் 16 என்று குறுக்கினால் ஓரளவு சீராகும். ஆனால் ஏற்கெனவே ஒளிப் பஞ்சம்.

டோமைப் பெரிதாக்கினால் மாயபிம்பம் தள்ளிப்போய் மூலைகள் தெளியும். ‘பெரிய டோம் நல்லது’ என்ற அறிவுரை இங்கேதான் பிறக்கிறது. இவ்வகை லென்ஸைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆனால் ஆர்க்கிமிடீசை மறந்துவிடலாகாது. 23 செ.மீ. விட்டமுள்ள முழு அரைக்கோளம் ஏறத்தாழ 3.2 லிட்டர் நீரை இடம்பெயர்க்கிறது. அதாவது 3 கிலோகிராமுக்கு மேற்பட்ட விசை பெட்டியின் முகப்பை மேல்நோக்கித் தள்ளுகிறது. கண்ணாடியும் லென்ஸும் தம் எடையால் ஒரு பகுதியை ஈடுசெய்யும். மீதியை உங்கள் மணிக்கட்டு சுமக்க வேண்டும். விமானத்திலோ நிலைமை தலைகீழ். அங்கே அதன் எடையும் இடமும்தான் தொல்லை. நம் நாட்டு உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக அனுமதிப்பது 7 கிலோகிராம். டோம் மட்டுமே பையில் பாதியை அடைத்துக்கொள்ளும்.

மூழ்கிய கப்பலின் நேரான தூண்களைப் படம்பிடிக்கவும், அருகே வரக் கூசும் சுறாவைப் படத்தில் பெரிதாகக் காட்டவும் இந்தச் சாதனம் ஏற்றது. நீர்மட்டத்தின் மேலும் கீழும் ஒரே படத்தில் தெரியவேண்டுமானால் பெரிய டோமுக்கு நிகரில்லை. இவை உங்கள் நோக்கமல்ல என்றால், முதல் தடவை வாங்குபவருக்கு இது தவறான தேர்வு என்றே கூறுவோம்.

மீன்கண் லென்ஸும் சிறிய டோமும்

மீன்கண் லென்ஸ் மூலைக்கு மூலை 180 பாகை பார்க்கும். நேர்கோடுகளை வளைத்துக் காட்டுவதால் தரையில் இதை விளையாட்டுப் பொருளாகக் கருதுவோர் உண்டு. கடலுக்குள் நேர்கோடு ஏது? பவளமும் பாசியும் மீன்கூட்டமும் வளைந்தவை. குறை கண்ணில் படாது. மேலும், மீன்கண் லென்ஸ் மிக அருகிலுள்ள பொருளிலும் குவியும். டோமின் வளைந்த பிம்பத்தோடு ஒத்தும்போகும். ஆகவே 10 செ.மீ. விட்டமுள்ள சின்னஞ்சிறு டோமே இதற்குப் போதும். அது இடம்பெயர்க்கும் நீர் கால் லிட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

சிறிய உணர்சட்டமுள்ள காமிராக்களுக்காக 2006இல் வந்த டோகினா 10–17 மி.மீ. மீன்கண் ஜூம் லென்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எடை 350 கிராம்தான். கோணத்தை 180 பாகையிலிருந்து 100 பாகைவரை மாற்றிக்கொள்ளலாம். தரையில் எடுத்த படங்களில் ஓரங்களில் நிறச்சிதறல் உண்டு என்று குறை கூறப்பட்ட லென்ஸ் இது. இருந்தும் நீர்மூழ்கிப் படக்காரர்கள் இதைக் கொண்டாடினார்கள். தரையில் பெற்ற மதிப்பெண் கடலில் செல்லாது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இதன் குறை ஒன்று உண்டு. ஒரு மீட்டர் விலகினாலும் பொருள் கடுகுபோல் சிறுத்துவிடும். அருகே செல்லத் துணியாதவருக்கு இந்த லென்ஸ் ஏமாற்றமே தரும்.

சிறிய காமிராவும் நீரில் மாட்டும் லென்ஸும்

கையடக்கக் காமிரா, தட்டை முகப்புள்ள பெட்டி, அதன் வெளியே நீரிலேயே மாட்டிக் கழற்றக்கூடிய துணை லென்ஸ் ஆகியவை சேர்ந்தது மூன்றாம் வகை. நாட்டிகாம் நிறுவனத்தின் டபிள்யூ. டபிள்யூ. எல். 1 என்ற துணை லென்ஸ், 28 மி.மீ. லென்ஸுக்கு முன்னால் பொருத்தினால் நீரில் 130 பாகை தருகிறது. நீரில் பயன்படுவதற்கென்றே கணக்கிட்டுச் செய்ததால் படத்தின் மூலைகளும் நன்றாக வருகின்றன. ஒரே முழுக்கில் இதைக் கழற்றிவிட்டுச் சிறிய இறாலையும் எடுக்கலாம். மற்ற வகைகளில் இந்த வசதி இல்லை. மாட்டும்போது இடையில் காற்றுக்குமிழி தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். துணை லென்ஸ் ஒரு கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளது. விலையோ சில சமயம் காமிராவின் விலையையே தாண்டுகிறது. ஆயினும் மொத்தச் சுமை முதல் வகையைவிடக் குறைவு.

நீருக்கென்றே லென்ஸ் செய்வது என்ற கருத்து பழையது. ஜப்பானில் 1963இல் வெளிவந்த நிக்கோனோஸ் காமிராவுக்குப் பெட்டியே தேவையில்லை. அதன் 15 மி.மீ. லென்ஸ் நீரில் 94 பாகை பார்த்தது. காற்றில் அது பயனற்றது. அக்காமிராவின் உற்பத்தி 2001இல் நின்றுவிட்டாலும், அது கற்பித்த பாடம் துணை லென்ஸ்களில் வாழ்கிறது.

தீக்குச்சிப் பெட்டி அளவுக் காமிரா

விலை குறைந்த, தலையிலும் மாட்டிக்கொள்ளும் சிறு காமிராக்கள் நான்காம் வகை. தொடக்கத்தில் இவற்றில் சிலவற்றுக்கு வளைந்த முகப்புள்ள பெட்டியைத் தந்தார்கள். நீரில் எடுத்த படங்கள் கலங்கின. ஏன் என்று நீங்களே இப்போது சொல்லிவிடலாம். டோம் உண்டாக்கும் மாயபிம்பம் அருகில் விழுகிறது. தொலைவில் நிலையாகக் குவிக்கப்பட்ட லென்ஸால் அதைப் பிடிக்க முடியவில்லை. தட்டை முகப்பு வந்த பிறகே குறை தீர்ந்தது, கோணம் சுருங்கியது. வெயிலுள்ள நேரத்தில், 5 மீட்டருக்குள் அசையும் படம் எடுக்க இவை போதும். அதற்கு மேல் எதிர்பார்ப்பது பொருந்தாது.

பையில் மற்றவை

அகலக் கோணத்துக்கு இரண்டு பிளாஷ் விளக்குகள் வேண்டும். அவற்றை நீண்ட கைகளில் பொருத்தி, பக்கவாட்டில் விலக்கி, டோமுக்குச் சற்றுப் பின்னால் வைத்தால் வெண்புள்ளிகள் குறையும். மாற்று லித்தியம் மின்கலங்களைச் சரக்குப் பெட்டியில் வைக்க விமான விதிகள் அனுமதிப்பதில்லை. கைப்பையில்தான் கொண்டுசெல்ல வேண்டும். பயணத்துக்கு அக்ரிலிக் டோம் இலேசானது. எளிதில் கீறல் விழும், ஆனால் தேய்த்து மெருகேற்றலாம். பெட்டியை மூடும் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமயிர் ஒட்டியிருந்தாலும் நீர் புகுந்துவிடும். 10 மீட்டர் ஆழத்தில் வெளியழுத்தம் இரு வளிமண்டல அளவாகிவிடுகிறது என்பதை நினைவிற்கொண்டு, ஒவ்வொரு முழுக்குக்கும் முன் அதைத் துடைத்துப் பாருங்கள்.

நம் தீர்ப்பு

முதன்முறையாக வாங்குபவருக்குச் சிறிய காமிராவும் நீரில் மாட்டும் லென்ஸும். காமிராவில் பழகியவருக்கு மீன்கண் லென்ஸும் சிறிய டோமும். பெரிய டோமை வாங்குவதை, அது இல்லாமல் எடுக்க முடியாத படம் ஒன்று உங்கள் மனத்தில் தோன்றும்வரை ஒத்திப்போடுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டுரை முழுவதும் ‘அருகே செல்லுங்கள்’ என்றே சொல்லி வந்தோம். அரை மீட்டர் தூரத்தில், மேலேயும் எழாமல் கீழேயும் அமிழாமல் மிதக்கத் தெரியாதவர் ஒரு பவளக்கொத்தை நெருங்கினால், துடுப்புச் செருப்பின் ஒரே உதையில் அது முறியும். பவளப்பாறைகளில் பல வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் முதல் சில சென்டிமீட்டர் வரையே வளர்பவை. ஆகையால் லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை முதலில் மிதக்கும் பயிற்சிக்குச் செலவிடுங்கள். காமிரா இல்லாமல் பத்து முறை முழுகிப் பழகிய பிறகு வாங்கும் லென்ஸ்தான் உங்களுக்கு உண்மையில் அருகே செல்ல உதவும்.