காயமும் கறையும்

ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையையும், அதன் முடிவை மாற்றி அவர் விரித்தெழுதி, 1972-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருதைப் பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ புதினத்தையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு ஓர் உண்மை புலப்படும். இரண்டிலும் நேர்ந்த தீங்கு ஒன்றே. வேறுபடுவது, காயத்தோடு வீடு திரும்பிய மகளைத் தாய் எதிர்கொண்ட விதமே.

மழைநாளொன்றில் முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறிய கல்லூரி மாணவி, அவனது இச்சைக்கு இரையாகி, வீடு வந்து தாயிடம் நடந்ததைச் சொல்கிறாள். சிறுகதையின் தாயும் முதலில் அடிக்கத்தான் செய்கிறாள். ஆயினும் அக்கம்பக்கத்தார் வினவியதும் தன்னை அடக்கிக்கொண்டு, மகளின் தலையில் நீரை வார்த்து, அவள் தூயவளே என்று தேற்றுகிறாள். விசாரணை அத்துடன் நின்றுவிடுகிறது. புதினத்தின் தாயோ ஊரறியக் கதறிவிடுகிறாள். அண்ணன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டுகிறான். கங்கா படிக்கிறாள், உத்தியோகமும் பெறுகிறாள். ஆனால் அவள் உள்ளம் அந்த மழைநாளைவிட்டு நகரவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, மாமாவின் ஏளனத்தால் சீண்டப்பட்டு, அவள் அந்த மனிதனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். அரக்கனை எதிர்பார்த்த நமக்கு, மனவுறுதியற்ற, இரக்கத்துக்குரிய பிரபுவே தென்படுகிறான். காரணம் கைக்குக் கிடைத்துவிட்டது, குணம் கிடைக்கவில்லை. இறுதியில் அவனும் விலகிப்போக, கங்கா மதுவில் அமிழ்கிறாள்.

காரணத்தை ஆராயாது விடுவது குற்றவாளியைத் தப்பவிடுவதாகாதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நீதி கிடைக்கக் காரணம் தெரிந்தாக வேண்டும். ஆனால் வழக்கு முடியும்வரை மருந்து காத்திருக்கலாகாது. சிறுகதையிலும் ஒரு குறை உண்டு. நீரால் கழுவித் தூய்மையாக்குவது, கறை ஒன்று இருந்ததாக ஒப்புக்கொள்வதாகிறது. அந்தச் சிறுபெண் சுமந்து வந்தது காயமேயன்றிக் கறையன்று. இதைச் சற்றே மறந்தாலும், அன்று அவளுக்குத் தேவைப்பட்டது எது என்பதை ஆசிரியர் அறிந்திருந்தார்: தன்னை விலக்காத ஒரு கை.

அச்சிறுகதையே புதினத்துக்குள் ஒரு பத்திரிகைக் கதையாக இடம்பெறுவது ஆசிரியரின் கூரிய உத்தி. இப்படியும் செய்திருக்கலாமே என்ற தெளிவு அவ்வீட்டுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் தாமதமாக வந்து சேர்கிறது. பெற்றோராகிய நாம் இவ்விரு நூல்களையும் சேர்த்தே படிக்கவேண்டும். பிள்ளையொன்று அழுதுகொண்டு வாசலில் நிற்கையில், யாரால், எதனால் என்று அறிய நாள்கள் பல உண்டு. உள்ளே அழைத்து ஈரத்தைத் துவட்ட அந்த ஒரு வேளைதான் உண்டு.