திரையிலிருந்து தாளுக்கு: நான்கு கைநூல்கள் பற்றிய சில அவதானங்கள்

சில வாரங்களுக்கு முன்னர், ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு, காத்தான்குடி ஆத்தங்கரையில் வைத்து நம் இளைஞர்கள் மூவர் என் கையில் நான்கு சிறு கைநூல்களைத் தந்தார்கள். இணையத்தில் வெளிவரும் ஓவிய, கலைச் சஞ்சிகையொன்றிலிருந்து தாங்களே தெரிவுசெய்து, வீட்டுக் கணினியில் பக்கம் அமைத்து, போட்டோகொப்பி எடுத்து, மடித்து, ஸ்டேப்ளர் அடித்தவை. ஒவ்வொன்றிலும் நாற்பது பிரதிகள். "காக்கா, வாசிச்சிப்போட்டு எழுதுங்க. நல்லத மட்டும் எழுத வேணாம்" என்றார் அவர்களில் ஒருவர். அந்த வேண்டுகோளை அப்படியே ஏற்றுத்தான் இதனை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இது புதிய முயற்சி என்று அவர்கள் கருதுகிறார்கள். அச்சகத்தை நம்பியிராமல் தம் கையாலேயே இதழ் செய்யும் வழக்கம் எமக்கு அந்நியமானதல்ல. கையெழுத்துச் சஞ்சிகைகளும் றோனியோ சஞ்சிகைகளும் இப்பிரதேசத்தின் இலக்கிய வாழ்வில் ஒரு காலகட்டத்தைத் தாங்கி நின்றவை. மெழுகுத் தாளில் றிபன் இல்லாமல் தட்டச்சு செய்து, கூரிய எழுத்தாணியால் படம் கீறி, மை பூசிய உருளையைக் கையால் சுற்றிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. ஸ்டென்ஸில் கோட்டை மட்டுமே தாங்கும், நிழலைத் தாங்காது. அதனால் அந்த இதழ்களில் வந்த படங்கள் கோட்டோவியங்களாகவே இருந்தன. கருவி கலையின் வடிவத்தைத் தீர்மானித்தது. இந்த நான்கு கைநூல்களையும் மதிப்பிடும்போது இதனை மறக்கலாகாது.

அடுத்து, ஏன் திரையிலிருந்து தாளுக்கு வர வேண்டும் என்ற கேள்வி. இணையம் அழியும், தாள் நிலைக்கும் என்பது இளைஞர்கள் சொன்ன காரணம். பாதி உண்மை. 2009இல் யாஹூ நிறுவனம் ஜியோசிற்றீஸ் சேவையை மூடியபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் ஒரே நாளில் மறைந்தன. ஆனால் தாள் நிலைக்கும் என்று எங்களிடம் சொல்வது எப்படி? 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட ஊர் இது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 2004 டிசம்பரில் கடல் மருதமுனையிலும் கல்முனையிலும் வீடுகளோடு புத்தகங்களையும் கொண்டுபோயிற்று. தாளும் நிலைக்காது என்ற அனுபவத்தைப் பெற்ற சமூகத்துக்கு, 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் எத்தனை பெறுமதியானவை என்பது தெரியும். ஆகவே திரையா தாளா என்ற வாதம் எமக்குப் பொருந்தாது. ஒன்றின் பிரதி மற்றொன்றில் இருப்பதும், அது பல கைகளில் இருப்பதுமே பாதுகாப்பு. நாற்பது வீடுகளில் இருக்கும் நாற்பது பிரதிகள் ஒரே வெள்ளத்தில் போவது அரிது.

உலகத்திலும் இது பேசப்பட்ட விடயமே. அமெரிக்காவைச் சேர்ந்த போல் சொலெலிஸ் 2013இல் இணையத்திலிருந்து எடுத்துக் கலைஞர்கள் அச்சாக்கிய நூல்களைச் சேகரிக்கத் தொடங்கினார். அந்தச் சேகரம் 2017இல் நியூயோர்க் நவீன கலை அரும்பொருட்சாலையின் நூலகத்துக்குச் சென்றது. அதே 2013இல் கென்னத் கோல்ட்ஸ்மித் மெக்சிக்கோ நகரில் 'இணையத்தையே அச்சிடுவோம்' என்று அழைப்பு விடுத்து, வந்த தாள்களையெல்லாம் மலையாகக் குவித்தார். முன்னது தெரிவு, பின்னது குவியல். குவியலுக்கும் ஒரு கருத்து உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் தாள் தட்டுப்பாட்டால் 2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே ஒத்திப்போடப்பட்ட நாட்டில் அந்த விளையாட்டு நமக்குக் கட்டுப்படியாகாது. அதே மாதம் 'ஐலன்ட்', 'திவயின' பத்திரிகைகளின் சனிக்கிழமைப் பதிப்புகள் தாளைக் கைவிட்டு இணையத்துக்குப் போயின. 1956இல் தொடங்கிய காகித ஆலையை வாழைச்சேனையில் வைத்துக்கொண்டு, வைக்கோலிலிருந்து தாள் செய்ததைப் பார்த்த மாவட்டத்துக்காரர்கள் நாம். ஒரு தாளைச் செலவிட நல்ல காரணம் வேண்டும்.

இனிக் கைநூல்களுக்கு வருகிறேன்.

முதலாவது, ஒரே ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டி, எட்டுப் பக்கமாக்கியது. ஸ்டேப்ளர்கூடத் தேவையில்லை. தோணி, வலை, மீன் கூடை என்று எட்டுக் கோட்டோவியங்கள். நான்கிலும் சிறந்தது இதுவே. காரணம் எளிது. கோடு போட்டோகொப்பியில் எதையும் இழப்பதில்லை. திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடிய படங்கள் இங்கே ஒரு வரிசையைப் பெற்றிருக்கின்றன. வெறுந்தோணியில் தொடங்கி வெறுங்கூடையில் முடியும் அந்த வரிசை இணையத்தில் இல்லை. இதைச் செய்தவர் அச்செடுக்கவில்லை, தொகுத்திருக்கிறார்.

இரண்டாவது, பதினாறு பக்கக் கட்டுரைத் தொகுப்பு. நான்கு ஏ4 தாள்கள் நடுவில் மடிக்கப்பட்டவை. இப்படி மடிக்கும்போது ஒரே பக்கமாக அருகருகே விழும் இரு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் பதினேழாக வேண்டும்: பதினாறோடு ஒன்று, இரண்டோடு பதினைந்து. ஓரிடத்தில் இது தவறி, ஐந்தாம் பக்கத்தின் பின் பன்னிரண்டாம் பக்கம் வந்துவிட்டது. இது சிறு பிழை, திருத்தலாம். பெரிய பிழை எழுத்துருவில் இருக்கிறது. இணையத்தின் யுனிகோட் எழுத்தைப் பாமினிக்கு மாற்றிப் பேஜ்மேக்கரில் இட்டபோது கிரந்த எழுத்துகள் சிதைந்துவிட்டன. ஹ, ஜ, ஸ, ஷ இல்லாமல் நமது பெயர்களை எப்படி எழுதுவது? கட்டுரையாளரின் பெயரே இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருக்கிறது. அறபு வாசகமொன்று எழுத்துகள் பிரிந்து, தலைகீழாக ஓடுகிறது. தாளில் விழுந்த அந்த வாசகத்தை நாம் காலடியில் போட முடியாது, குப்பையில் எறியவும் முடியாது. திரையில் ஒரு நொடியில் திருத்தும் பிழை, தாளில் நாற்பது வீட்டுக்குப் போய்விட்டது.

மூன்றாவது, வண்ண ஓவியங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்ததால் வாவியும் வானும் ஒரே சாம்பலாகிவிட்டன. வண்ணத்தில் எடுக்கக் காசில்லை என்றார்கள். ஏற்கிறேன். அப்படியானால் அந்த ஓவியங்களைத் தெரிவுசெய்திருக்கக் கூடாது. இன்னொன்று: ஆயிரம் புள்ளி அகலமுள்ள படம் நல்ல அச்சில் எட்டரை சென்ரிமீற்றர் அளவுக்குத்தான் தெளிவாக நிற்கும். அதை முழுப் பக்கத்துக்கு இழுத்ததால் கோடுகள் படிக்கட்டுகளாகிவிட்டன. மூல ஓவியத்தின் நீள அகலமும் எங்குமே தரப்படவில்லை. இது இணையச் சஞ்சிகையின் குறையும்கூட. நான்கடி ஓவியமும் நான்கங்குல ஓவியமும் திரையில் ஒரே அளவுதான். கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் கண்காட்சியொன்றைப் பார்த்த எவருக்கும் இந்த வேறுபாடு புரியும்.

நான்காவது, பழைய சஞ்சிகையொன்றின் ஸ்கேன் பக்கங்களைப் பாதியாகச் சுருக்கியது. கண்ணாடி போட்டும் வாசிக்க முடியவில்லை. இதனை மீண்டும் தட்டச்சு செய்யும் பொறுமை இல்லையென்றால் விட்டுவிடுவதே மேல்.

இந்நான்கிலும் பொதுவான ஒரு குறைதான் என்னை மிகவும் உறுத்தியது. வெளியிட்டவர் பெயரில்லை. திகதியில்லை. எங்கிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பில்லை. மூன்றாவதில் ஓவியரின் பெயர்கூட இல்லை. கேட்டேன். "பேரப் போட்டா பிரச்சின வரும் காக்கா" என்றார்கள்.

இந்த அச்சத்தைப் பார்த்துச் சிரிக்க எனக்கு உரிமையில்லை. 2019 ஏப்ரலுக்குப் பின்னர் இந்த ஊரில் என்னென்ன புத்தகங்கள் அலுமாரியிலிருந்து இறங்கின என்பதை நாமறிவோம். கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானதற்கு 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுதியே காரணமாகக் காட்டப்பட்டது. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில்தான் அவர் குற்றமற்றவரென விடுதலையானார். கவிதை வாசிக்கத் தெரியாதவர்கள் கவிதையைக் குற்றமாக வாசித்ததன் விலையை ஓர் இளைஞர் தன் வாழ்நாளால் செலுத்தினார். இதன் பிறகு பெயர் போடுங்கள் என்று இளைஞர்களிடம் சொல்வது எளிதல்ல.

எனினும் சொல்லத்தான் வேண்டும். பெயரில்லாத தாள் துண்டுப்பிரசுரமாகவே பார்க்கப்படும். அச்சிட்டவரும் வெளியிட்டவரும் தம் பெயரையும் இடத்தையும் குறிப்பிட வேண்டும் என்ற சட்டம் இந்நாட்டில் 1885இலிருந்தே இருக்கிறது. பெயரை மறைப்பது பாதுகாப்பல்ல. சந்தேகத்துக்கு நாமே கதவு திறப்பதாகும். சட்டத்தைவிட எனக்கு முக்கியமானது அமானிதம். ஓர் ஓவியரின் படைப்பை அவர் பெயரின்றி, அவர் அனுமதியின்றிக் கைமாற்றுவது, நோக்கம் எவ்வளவு நல்லதாயினும், அவர் உழைப்பை அநாதையாக்குவது. புனைபெயரில் வர விரும்பும் படைப்பாளி அப்படியே வரட்டும். அது அவருடைய முடிவு. நாம் அவருக்காக எடுக்கும் முடிவல்ல.

இத்தனையும் சொன்ன பிறகு, முதலாவது கைநூலை நான் வீட்டுக்குக் கொண்டுபோனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். போனில் படங்களைத் தள்ளிப் பார்க்கத் தெரியாத எங்கள் உம்மம்மா அதை வாங்கி, மடிப்பைப் பிரித்து, மீண்டும் மடித்து, நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாம் பக்கத்தில் விரலை வைத்து, "இந்தத் தோணில கயிறு கட்டினது பிழ. இப்படிக் கட்டினா இரவைக்கே அவுந்து போயிரும்" என்றார். அவருடைய வாப்பா வாவியில் வலை போட்டவர். அந்தச் சஞ்சிகை இணையத்தில் இருந்த காலமெல்லாம் இப்படியொரு விமர்சனத்தைப் பெற்றிருக்காது. பெறக்கூடிய வாசகர் அங்கே இல்லை.

இந்த வாசகருக்காகத்தான் தாள் வேண்டும். ஐந்தாவது கைநூல் தயாராகிறதாம். பிழை பார்த்துத் தரக் கேட்டிருக்கிறார்கள். ஓவியரின் பெயரும், அனுமதியும், திகதியும், கடைசிப் பக்கத்தில் வெளியிடுவோர் பெயரும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டிருக்கிறேன். கயிற்றைப் பற்றியும் ஓவியருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன்.