பல்லைப் பிடித்துப் பார்க்கும் பட்டறை

கியர் சக்கரத்தில் ஒரே ஒரு பல் உடைந்திருந்தாலும் வண்டி அதை மறைக்காது. அந்தச் சக்கரம் ஒரு சுற்று முடிக்கும்போதெல்லாம் ஒரு 'டொக்' வரும். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கையால் மெல்லச் சுற்றினால் அதை எண்ணிவிடலாம். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் எண்ணிக்கை கரைந்து ஒரே உறுமலாகிவிடும். நல்ல மெக்கானிக் முதலில் செய்வது இந்த எண்ணல்தான். ஸ்பேனரை அப்புறம்தான் எடுப்பார்.

ஒலியை வைத்து உள்ளே ஒளிந்திருக்கும் பழுதைக் கண்டுகொள்வது விருத்தாசலத்துக்குப் பழகிய வித்தை. நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெண்களிமண்ணைத் தொடுதூரத்தில் வைத்திருக்கும் பீங்கான் ஊர் இது. ஃபியூஸ் கட்டை, கோப்பை, பொம்மை என்று சூளையிலிருந்து இறங்கும் சாமானை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் முழுசு, சத்தம் மந்தமாக அடங்கினால் எங்கோ கீறல். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கவே ஒரு அரசுப் பயிலகம் இங்கே இருக்கிறது. டூவீலர் பட்டறைகளுக்கு அப்படி எந்தப் பயிலகமும் வேண்டியிருக்கவில்லை. அண்ணனிடம் தம்பி கற்று, அந்தத் தம்பி அண்ணனாகி, கை மாறி வந்த படிப்பு அது.

அந்தப் படிப்பு முன்பின் பார்க்காத வண்டிக்கும் செல்லுமா என்று பார்க்க, குழந்தைகளின் பந்தயக் குவாட்டை எடுத்துக்கொள்வோம். அது இந்தத் தெருக்களில் ஓடும் வண்டியல்ல. நான்கு பெரிய டயர், கட்டை விரலால் அழுத்தும் ஆக்சிலரேட்டர், அகலமான சீட் என்று வரும் அந்தச் சின்ன வண்டி அமெரிக்கக் காட்டுவழிப் பந்தயங்களில் பெயர் வாங்கியது. ஜி.என்.சி.சி. என்ற தொடரில் சிறுவர்களுக்கென்றே குவாட் பிரிவுகள் உண்டு. அங்கே நெடுங்காலம் செல்லப்பிள்ளையாக இருந்தது ஹோண்டாவின் டிஆர்எக்ஸ் 90: 86 சிசி எஞ்சின், நான்கு கியர், தானாகப் பிடித்துவிடும் கிளட்ச். நம் பக்கத்தில் கடற்கரைகளிலும் மலைவாசத் தலங்களிலும் வாடகைக்கு ஓடும் சின்னக் குவாட்களில் பல சீன வார்ப்பு. 110 சிசி, முன்னுக்கு மூன்று கியர், பின்னுக்கு ஒன்று.

ஆனால் எஞ்சினைத் திறந்தால் அந்நியம் போய்விடுகிறது. சிலிண்டர் படுத்த நிலையில் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் அந்த அமைப்பு, 1958-ல் ஹோண்டா வெளியிட்ட சூப்பர் கப் வண்டியின் வழிவந்தது. 2017-க்குள் 10 கோடி வண்டிகளைத் தொட்ட குடும்பம். 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100 ஆக இந்தியாவுக்கு வந்ததும், 1994-ல் ஸ்பிளெண்டராக ஊர் ஊராகப் பரவியதும் இதே குடும்பத்தின் 97.2 சிசி கிளைதான். ஆக, விருத்தாசலத்தில் வாராவாரம் ஸ்பிளெண்டர் எஞ்சின் இறக்கும் ஒருவர் முன்னால் டிஆர்எக்ஸ் 90-ஐக் கொண்டுபோய் வைத்தால், வெளித்தோற்றத்துக்கு வேண்டுமானால் ஒரு நிமிடம் யோசிப்பார். கிராங்க் கேஸைப் பிரித்ததும் கை தானாக நகரும்.

குவாட்டின் கியர் ஏன் பைக்கின் கியரைவிடச் சீக்கிரம் அடிபடுகிறது? பின்பக்கம் இரண்டு அகலச் சக்கரமும் ஒரே அச்சில் இறுகப் பிணைந்திருக்கின்றன. டயரில் காற்றும் மிகக் குறைவு. சதுர அங்குலத்துக்கு மூன்று, நான்கு பவுண்டுதான். மண்ணை அது கவ்விப் பிடிக்கும். சிறுவன் ஒரு மேட்டில் ஏறி அந்தரத்தில் பறக்கும்போது ஆக்சிலரேட்டரை விடாமல் இருந்தால், காற்றில் வெறிகொண்டு சுழன்ற சக்கரம் தரையைத் தொட்ட கணத்தில் பிரேக் அடித்தாற்போல் நிற்கப் பார்க்கும். அந்த அதிர்ச்சி செயின் வழியாக ஓடிப் பற்களில் போய் முட்டுகிறது. ஆக்சிலரேட்டரைத் தளர்த்தாமல் கியர் மாற்றுவதும், வண்டி நிற்பதற்குள் ரிவர்ஸ் போடுவதும் இதோடு சேரும்.

கியர் பாக்ஸ் பிரிப்பதை ரசித்துப் பார்க்க வேண்டும். இந்த எஞ்சினில் பாதி வழி என்பதே கிடையாது. ஹெட், பிளாக், பிஸ்டன் கழற்றி, ஒரு பக்கம் கிளட்சை எடுத்து, மறுபக்கம் மேக்னெட்டைப் புல்லர் போட்டு இழுத்து, கேஸை இடவலமாகப் பிளந்தால்தான் கியர் கண்ணில் படும். பிளக்கும் இடத்தில்தான் கைத்தரம் தெரியும். அவசரக்காரர் இரண்டு கேஸுக்கும் நடுவே ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்புவார். அலுமினிய முகத்தில் விழும் அந்த ஒரு வடு போதும், ஆயுள் முழுக்க ஆயில் கசியும். தேர்ந்தவர் ரப்பர் சுத்தியால் சுற்றிச் சுற்றித் தட்டி, கேஸ் தானாக வாய் திறக்கும்வரை காத்திருப்பார். பிறகு இரண்டு ஷாஃப்டையும், கியரை நகர்த்தும் ஃபோர்க், டிரம்மோடு ஒரே கொத்தாக வெளியே எடுப்பார். கழற்றும் கியர், வாஷர், லாக் வளையம் எல்லாவற்றையும் வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்துவிடுவார்.

அடுத்து வருவதுதான் இந்தக் கலையின் உச்சம். உடைந்த பல்லைப் பெட்ரோலில் கழுவி வெளிச்சத்தில் பிடிப்பார். உடைந்த முகம் முழுக்கச் சர்க்கரை போல் சொரசொரப்பாக மின்னினால், ஒரே அடியில் போன பல். ஒரு ஓரம் வழவழப்பாக, அலை தொட்டுப்போன கரைபோல் வளைகோடுகளுடன் இருந்து, மிச்சம் மட்டும் சொரசொரப்பாக இருந்தால், பல்லின் அடியில் கீறல் விழுந்து பல நாள் வளர்ந்திருக்கிறது. கடைசி அடி சாக்குதான். முன்னதற்குக் காரணம் ஓட்டிய விதமாக இருக்கலாம். பின்னதற்கு வேறிடம் தேட வேண்டும்: இறுக்கமான செயின், தேய்ந்த பேரிங், வளைந்த ஷாஃப்ட். இதைப் பார்க்காமல் புதுக் கியர் போட்டால் அதே பல் மறுபடி போகும். உடைந்த கியரை மாற்றத் தெரிந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். உடைந்த முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்லத் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மரியாதையும் கூலியும் அவருக்கே கூடுதலாகச் சேர வேண்டும்.

கியரின் உடம்பை அறிந்தவருக்கு இந்த வித்தை இன்னும் இனிக்கும். கெட்டித்தன்மை மட்டும் போதுமென்றால் பீங்கானிலேயே கியர் செய்துவிடலாம். முதல் அடியில் கோப்பை போலச் சிதறும் என்பதால்தான் கியருக்கு இரட்டைக் குணம் தேவைப்படுகிறது: வெளியே கடினம், உள்ளே நெகிழ்வு. இந்தியக் கியர் தொழிலில் அதிகம் புழங்கும் இஎன் 353 போன்ற கார்பன் குறைந்த எஃகில் பல் வெட்டி, 900 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் கார்பன் நிறைந்த வாயுவுக்குள் சில மணி நேரம் வைப்பார்கள். மேல்தோலில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்துக்குக் கார்பன் ஊறும். பிறகு எண்ணெயில் முக்கினால் அந்தத் தோல் ராக்வெல் 'சி' அளவில் 60-ஐ ஒட்டிய கடினம் பெறும். உள்சதை அடி தாங்கும். தோல் பதப்படாத மலிவுச் சரக்கும் பெட்டிக்குள் ஒரே மாதிரிதான் பளபளக்கும். பட்டறையில் அதற்கு ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள்: ஓரத்தில் அரத்தைத் தேய்ப்பது. அரம் வழுக்கினால் நல்ல சரக்கு, கடித்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியது.

உடைந்த பல்லை வெல்டிங்கில் நிரப்பி அரத்தால் வடிவம் கொடுக்கும் லேத் பட்டறைகளும் உண்டு. கரும்பாலைச் செக்கின் மெதுவான வார்ப்பிரும்புச் சக்கரத்துக்கு அது செல்லும். தோல் பதப்படுத்திய சின்னக் கியரில் வெல்டிங் சூடு பட்ட இடம் பதம் கெட்டு, அடுத்த விரிசலுக்கு இடம் கொடுத்துவிடும். ஒரு குழந்தை உட்காரும் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. உடைந்த துண்டு பற்களுக்கிடையே சிக்கினால் பின்சக்கரம் இரண்டும் ஒருசேரப் பூட்டிக்கொள்ளும்.

ஒரு பல்தானே போயிற்று, ஒரு கியர் மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. தேய்மானம் பரவலாக விழ வேண்டும் என்று, ஜோடிக் கியர்களுக்குப் பொதுக் காரணி இல்லாத எண்ணிக்கையில் பல் வைப்பது வடிவமைப்பாளர்களின் விருப்பம். 13 பல்லும் 30 பல்லும் ஜோடி என்று வைத்துக்கொள்வோம். சின்னச் சக்கரத்தில் உடைந்த ஒரு பல், 30 சுற்றுக்குள் பெரிய சக்கரத்தின் 30 பல்லையும் ஒருமுறை தொட்டுவிடும். நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் அதற்கு ஒரு நொடிகூட ஆகாது. தேய்மானத்தைப் பங்கு போட்ட அதே ஏற்பாடு, உடைந்த பிறகு சேதத்தையும் பங்கு போடுகிறது. அதனால் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பக்கத்துக் கியரைப் பிடித்துக்கொள்ளும் 'டாக்' முனைகள் மழுங்கியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஓட்டத்தில் கியர் கழன்று வரும்.

குவாட்டுக்கு உதிரி கிடைக்காதபோது பழைய கியரே அடையாளச் சீட்டாகிறது. கியரின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து, பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டிய தொகையால் அதை வகுத்தால் பல்லின் பருமன் எண், அதாவது மாட்யூல் கிடைக்கும். 34 மில்லிமீட்டர், 15 பல் என்றால் மாட்யூல் 2. விடை வழக்கமான மாட்யூல் எண் எதிலும் சேராவிட்டால் பல்லின் வடிவத்தில் திருத்தம் செய்திருக்கலாம். அதற்குக் குத்துமதிப்பாக இன்னொன்றை மாட்டக் கூடாது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் டில்லி கரோல் பாக்கிலும் இந்த அளவுச் சீட்டோடு அலைபவர்களைப் பார்க்கலாம்.

பூட்டும்போது முதல் வேலை, உடைந்த துண்டுகளின் கணக்கை நேர் செய்வது. காணாமல் போன துண்டு ஆயில் வலையிலோ பேரிங் இடுக்கிலோ இருக்கும். அது கிடைக்காமல் கேஸை மூடுபவர் மெக்கானிக்கே அல்ல. பழைய லாக்குகளைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டுவார்கள். அதிலும் ஒரு நுணுக்கம். பிரஸ்ஸில் வெட்டியெடுத்த லாக்கின் ஒரு விளிம்பு கூர்மை, மறு விளிம்பு மழுக்கம். கியர் வந்து முட்டும் பக்கம் மழுக்கமும், எதிர்ப்பக்கம் கூர்மையும் இருக்க வேண்டும்; அப்போதுதான் கூர்விளிம்பு காடியின் சுவரை நன்றாகப் பற்றும். திருப்பி மாட்டினாலும் உட்கார்ந்துகொள்ளும், பார்வைக்கும் தெரியாது. மேலே கேஸ் மூடிய பின் யாருமே பார்க்கப்போகாத அந்தச் சின்ன வளையத்தைத் தடவித் தடவித் திசை பார்க்கும் விரல்களை, எந்தச் சிற்பியின் விரலுக்கும் குறையாமல் மதிக்கலாம்.

கேஸ் மூடுவதற்கு முன் டிரம்மை விரலால் திருப்பி, ஷாஃப்டைச் சுற்றி, ஒவ்வொரு கியரும் விழுகிறதா என்று பார்ப்பார்கள். மூடிய பிறகு மறுபடியும் பார்ப்பார்கள். கடைசியில் செயின். பின் சஸ்பென்ஷனை அமுக்கி, முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும் நிலையில் தளர்வைச் சோதிக்க வேண்டும். செயின் அதிகம் இறுகும் இடம் அது. அங்கேயும் கொஞ்சம் ஆட்டம் மிச்சமிருந்தால், கட்டை விரல் ஆக்சிலரேட்டரின் பக்கத்திலுள்ள வேகக் கட்டுப்பாட்டு ஸ்குரூவைச் சில சுற்று உள்ளே முடுக்கிவிட்டு, ஆக்சிலரேட்டரை விட்டபின்தான் கியர் மிதிக்க வேண்டும் என்று சிறுவனுக்குச் சொல்லிக்கொடுத்து, சாவியை அப்பாவிடம் தரலாம்.