மனந்திரும்புதற்கு இடம் யாது? (தற்கொலை பற்றிய கிறிஸ்து சமயக் கொள்கை)

தன்னுயிரைத் தானே போக்கிக்கொண்டவனுக்கு மன்னிப்பில்லை, மீளா நரகமே உண்டு என்பது கிறிஸ்து சமயத்தார் கொள்கையெனச் சைவருட் பலர் மேடைகளிற் கூறி வருகின்றனர். அச்சமயத்தாருள்ளும் அவ்வாறு கருதியிருப்பார் பலர். இக்கூற்று முழுதும் பொய்யன்று, முழுதும் மெய்யுமன்று. பரபக்கம் கூறப் புகுவார் பிறர் கொள்கையை அவர் கொண்டவாறே முன்னர் நிறுத்திப் பின்னர் ஆராய்தல் வேண்டுமென்பது அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிற் காட்டிய நெறி. அந்நெறி நின்று நோக்குவார்க்கு, இவ்விஷயத்தில் அச்சமயம் பதினைந்து நூற்றாண்டுக்கு மேலாகத் தன்னுள்ளேயே வழக்காடி வந்திருத்தல் புலனாகும். அவ்வழக்கின் உயிர்நிலை ஒன்றே. பிழைத்தவன் மனந்திரும்புதற்கு இடம் எதுவரை உண்டு என்பதே அது.

முதற்கண், தற்கொலையைப் பெயர் சுட்டி விலக்கிய விதி விவிலியத்தில் யாண்டும் இல்லை. கொலையை விலக்கும் பொதுக்கட்டளையே உள்ளது. சவுல் அரசன், அவனுடைய ஆயுததாரி, அகித்தோப்பேல், சிம்ரி, சிம்சோன், யூதாஸ் ஆகியோர் தம்முயிர் தாமே போக்கிய செய்திகள் அந்நூலில் வருகின்றன. ஆயின் அச்செயல் காரணமாக அவர்க்கு மீளா நரகம் எய்திற்றென அவ்விடங்களிற் கூறப்பட்டிலது. அகித்தோப்பேல் தன் தந்தையின் கல்லறையில் அடக்கஞ் செய்யப்பட்டான் என்றே சாமுவேலின் இரண்டாம் புத்தகம் அவன் வரலாற்றை முடிக்கின்றது.

பிற்காலத்து நின்ற கடுவிதிக்குக் கால்கோள் செய்தவர் ஹிப்போ நகரத்து மேற்றிராணியார் அகுஸ்தீனார். 410-ஆம் ஆண்டிற் கோத்தர் உரோமாபுரியைச் சூறையாடியபோது கிறிஸ்தவ மகளிர் பலர் மானபங்கப்படுத்தப்பட்டனர். பண்டை உரோமரின் குலமகள் லுக்ரேசியா இத்தகைய இழிவுற்று உயிர் துறந்தாளன்றோ, இவர் துறவாது வாழ்தல் என்னையெனப் பழைய மதத்தார் எள்ளினர். 413-இல் எழுதத் தொடங்கிய 'கடவுளின் நகரம்' என்னும் நூலின் முதற் புத்தகத்தில் அகுஸ்தீனார் அம்மகளிர் பக்கம் நின்று வாதித்தார். மனம் இசையாதவழி உடற்கு நேர்ந்த தீங்கு கற்பை அழியாது. குற்றமற்றாள் தன்னைக் கொல்லுதல் குற்றமற்ற ஓருயிரைக் கொல்லுதலேயாம் என்பது அவர் கருத்து. இழிவுக்கஞ்சித் தம்மை மாய்த்துக்கொண்ட மகளிருக்கும் மன்னிப்பை மறுக்க மனிதவுள்ளம் ஒருப்படாதென அவர் அவ்விடத்தே கூறுதலும் நோக்கத்தக்கது. இவ்வாதம் பிறந்த இடம் கருணை. துன்புற்ற பெண்டிரைப் பின்னும் துன்புறுத்திய ஊர்வாயை அடைக்க எழுந்தது, பின்னூற்றாண்டுகளில் துன்புற்று இறந்தார் பிணத்தைத் தண்டிக்குஞ் சட்டமாக மாறியமை இரங்கத்தக்கதே.

சிம்சோன் தன்மேலும் பகைவர்மேலும் மண்டபத்தை வீழ்த்தி இறந்தமைக்கு அகுஸ்தீனார் கூறும் சமாதானம், அவனுக்குக் கடவுளின் ஆணை உள்ளே மறைவாக எய்திற்றென்பது. இவ்விலக்கை ஏற்றவளவிலே, புறத்தார் செயலை மாத்திரம் கண்டு தீர்ப்புக் கூறும் உரிமை போயிற்று. உள்ளே நிகழ்ந்தது இறைவன் ஒருவனுக்கே தெரியுமெனின், அது சிம்சோனுக்கு மட்டும் எங்ஙனம் பொருந்தும்? இவ்வினாவை அவர் வழிவந்தார் நெடுங்காலம் எழுப்பிற்றிலர்.

இனி யூதாஸின் வரலாறே இவ்வழக்கிற்கு உரைகல். அவன் செய்த மூன்றனை மத்தேயு கூறுகின்றார். தான் காட்டிக்கொடுத்தவர் தண்டனைக்குள்ளானமை கண்டு வருந்தினான். குற்றமற்றவர்க்குக் கேடு சூழ்ந்தேனென வாயால் ஒப்புக்கொண்டான். பெற்ற முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். மனத்துயர், அறிக்கையிடல், ஈடுசெய்தல் என மூன்றனையே பாவசங்கீர்த்தனத்தின் உறுப்புக்களாக இடைக்கால ஆசிரியர் வகுத்தனர். மூன்றும் இவன்பாற் காணப்படவும் இவனைக் கெட்டவனென்றல் எற்றுக்கெனின், சொல்லாராய்ச்சி செய்வோர் ஒரு விடை கூறுப. கிரேக்க மூலத்தில் மனமாற்றத்திற்குப் பெருவழக்காய சொல் வேறு, இவ்விடத்து நின்ற சொல் வேறு. தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தாரும் இவ்வேறுபாட்டை விடாது, ஏனையிடங்களில் 'மனந்திரும்புதல்' என்றும் ஈண்டு 'மனஸ்தாபப்பட்டு' என்றும் வைத்தனர். மொழிபெயர்த்தார் நுண்மை பாராட்டத்தக்கது. ஆயினும் இச்சொல்லொன்றே பற்றி யூதாஸை நரகிலிடுதல் ஒல்லாது. தந்தை ஏவலை முதலில் மறுத்துப் பின்னர் வருந்திச் சென்ற மைந்தன் உவமை அதே மத்தேயுவில் உள்ளது. நன்மைக்கே திரும்பிய அம்மைந்தனுக்கும் கிரேக்கத்தில் இவ்வினையே நின்றது.

ஆகலின் அகுஸ்தீனார் சொல்லைப் பற்றாது பொருளைப் பற்றினார். யூதாஸ் இறைவனது இரக்கத்தில் நம்பிக்கை இழந்தான். இழந்து உயிரைப் போக்கினமையின், தன்னை உய்விக்கும் மனந்திரும்புதலுக்கு இடமே இல்லாதபடி செய்துகொண்டான் என்பது அவர் துணிபு. பேதுருவும் அவ்விரவிலேயே மும்முறை மறுதலித்தவன். அவன் அழுதான், வாழ்ந்தான், இடம் பெற்றான். இருவர்க்கும் வேற்றுமை பிழையின் அளவிலன்று, எஞ்சிய காலத்திலேயாம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அக்குவீனோ தோமையார் இதனை முறைப்படுத்தினார். தற்கொலை தன்மேல் இயல்பாயுள்ள அன்புக்கும், தானுறுப்பாய சமுதாயத்துக்கும், உயிரைத் தந்த கடவுளின் உரிமைக்கும் மாறு என மூன்று காரணங் காட்டினார். அவற்றினும் கூரியது தடைவிடைகளுள் அவர் கூறிய ஒன்று: கழுவாய் தேடுதற்குக் காலம் எஞ்சாமையின் அஃது எல்லாவற்றினும் அபாயமுடையது என்பது. இதற்கு முன்னரே, 561-இல் பிராகா நகரிற் கூடிய சங்கம் இவ்வாறு இறந்தார்க்குப் பலிபூசையில் நினைவுகூர்தலையும் அடக்கத்திற் சங்கீதம் பாடுதலையும் விலக்கியிருந்தது. இங்கிலாந்தில் இவரை நாற்சந்தியிற் புதைக்கும் வழக்கை 1823-ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. அப்பொழுதும் சடங்கின்றி இரவிலேயே புதைக்க விட்டது. அந்நாட்டில் தற்கொலை குற்றமென்னும் நிலை நீங்கியது 1961-இல்.

லூதரின் நிலை வேறு. மன்னிப்பு மனிதன் செயலால் ஈட்டப்படுவதன்று, விசுவாசத்தால் எய்தப்படுவது என்பார்க்கு இறுதிக்கணத்தில் அறிக்கையிடாமை பெருந்தடையாகாது. 1532-இல் உணவு மேசையில் நிகழ்ந்த உரையாடலில், இவ்வாறு இறந்தார் அனைவரும் கெட்டாரெனத் துணியேன், காட்டிற் கள்வரால் கொலையுண்டாரைப் போல இவர் பிசாசின் வலியால் வெல்லப்பட்டவர் என்னும் கருத்துப்பட அவர் கூறினார். இதனைப் பொதுமக்கட்குப் போதித்தல் ஆகாது, அவர் துணிவு கொள்வர் என்றும் சேர்த்தார். மருந்தைப் பெட்டகத்துட் பூட்டிவைத்த வைத்தியர் போலும்!

1917-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கச் சட்டத்தொகுதி, அறிந்து தற்கொலை செய்து மனந்திரும்பிய குறியொன்றுங் காட்டாது இறந்தார்க்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டுத் தொகுதியில் அவ்விலக்கு இல்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் தற்கொலை பெரும்பிழையென்றே நிறுத்தி, பின்னர் இரண்டு கூறுகின்றது. கடும் மனக்கலக்கமும் அச்சமும் வேதனையும் செய்தவன் பொறுப்பைக் குறைக்கும் என்பது ஒன்று. உய்விக்கும் மனந்திரும்புதலுக்கு வாய்ப்பைக் கடவுள் தாமே அறிந்த வழிகளால் அருளவல்லர் என்பது மற்றொன்று. இரண்டாவதைக் கூர்ந்து நோக்குக. யூதாஸுக்கு இல்லையென அகுஸ்தீனார் எதனைக் கூறினாரோ, அதனையே ஏறக்குறைய அவர் சொல்லாலேயே இந்நூல் உண்டென்கின்றது. அடைத்த கதவு அடைத்த இடத்திலேயே திறக்கப்பட்டது.

திறந்தது நன்றே. சைவர் அதுகண்டு மகிழ்தல் வேண்டுமேயன்றி, முன்னொடு பின் முரணிற்று என நகைத்தல் தகாது. ஆயினும் தத்துவ ஆராய்ச்சியில் ஒரு வினா எஞ்சுகின்றது. அவ்வாய்ப்பு எங்கு உளது? பிறவி ஒன்றே, மரணத்தோடு தீர்ப்பு நிலைபெற்றது, நரகம் முடிவிலது என்னும் மூன்றும் அம்மறைக்கல்வி நூலில் அசையாது நிற்கின்றன. ஆகவே அவ்விடத்தை உயிர் பிரியும் அக்கணத்தினுள்ளேயே வைத்தல் வேண்டும். கருணைக்கு ஒரு கணம் அமையாதோவெனின், இறைவனுக்கு அமையும். உயிருக்கு அமையுமோ என்பதே ஐயம். கலங்கிய அறிவினன் கலக்கத்தினூடே தெளிந்து திரும்பினான் எனக் கொள்வதினும், கலக்கம் நீங்கிய பின்னர்த் திருந்தக் காலம் பெற்றான் எனக் கொள்வதே பொருத்தமுடைத்து.

சித்தாந்தம் அவ்விடத்தை மறைத்து வைத்திலது. உயிர் கருவி கரணங்களைக் கூடியே அறிவது, சார்ந்ததன் வண்ணமாவது என்பர் நம் ஆசிரியர். ஆதலிற் கரணங் கலங்கியவழி அறிவுங் கலங்குமென்பது நமக்குப் புதிதன்று. இக்கால மனநோய் மருத்துவர் கூறுவதும் இதனோடு மாறுபடாது. உடலை விட்டார் வினையை விட்டாரல்லர். விட்ட வினையை நுகர்ந்து கழித்தற்கு இறைவன் மீண்டும் உடலைக் கூட்டுவன். நரகமும் உண்டு, அதற்கு முடிவும் உண்டு. வழிப்படாத மகனைத் தந்தை வளாரால் அடித்தலும், நோயுற்றானை மருத்துவன் அறுத்துத் தீர்த்தலும் சித்தியாரில் இறைவனது தண்டத்திற்கு உவமைகள். தண்டம் ஈண்டு மறக்கருணை. திருந்துதலே அதன் பயன். முடிவில்லாத தண்டத்தால் திருந்துவார் எவருமிலர்.

சைவத்தில் வினையுண்டு, மன்னிப்பில்லை எனப் பாதிரிமார் கூறும் குறையும் ஈண்டே நீங்கும். தீக்கையாற் சஞ்சிதம் அழிவதும், ஞானத்தால் ஆகாமியம் ஏறாமையும் அருளின் செயல்களேயன்றி உயிர் ஈட்டிய ஊதியமல்ல.

அற்றேல், மறுபிறவி உண்டெனத் தற்கொலை எளிதாக்கப்படாதோ என லூதரைப் போலவே அஞ்சிக் கடாவுவாருமுளர். ஆகாது. நுகராது விட்ட பிராரத்தம் அங்ஙனமே எஞ்சும். அதன்மேற் புதுவினையும் ஏறும். மலபரிபாகத்திற்கு வாய்த்த கருவியாகிய அரிய மானுடவுடல் கைநழுவும். துன்பம் ஒழிந்ததென எண்ணியவனுக்குத் துன்பம் ஒத்திவைக்கப்பட்டதேயாம்.

நம்மிடத்தும் குறையில்லாமலில்லை. தம்முயிர் நீத்தார்க்கு நீர்க்கடன் விலக்கிய விதி மனுஸ்மிருதியிலும் உளது. 'அவன் வினை' என்னும் ஒரு சொல்லாற் பிள்ளையை இழந்த தாயின் வாயடைக்குஞ் சைவர் எத்துணைப் பேர்! அச்சொல் பிராகா சங்கத்து விதியினும் மெல்லியதன்று. மனுவின் விதியை இந்நாளில் எடுத்தோதுவார், ஏயர்கோன் கலிக்காம நாயனார் வரலாற்றை அதனருகே வைத்து விடை கூறுதல் வேண்டும். இறைவனைப் பரவையார்பால் தூது விடுத்த சுந்தரரிடம் கொண்ட சினத்தால், அவர் தம் சூலைநோய் தீர்க்க வருவதையும் பொறாது உயிர் நீத்தவர் அந்நாயனார். அச்செயலைச் சேக்கிழார் ஏனையோர் பின்பற்றத்தக்கதாகக் கூறினாரல்லர். அவரை அவ்வண்ணம் கண்ட சுந்தரர் தாமும் உடைவாளைப் பற்றினார். அக்கணமே திருவருளாற் கலிக்காமர் உயிர்பெற்றெழுந்து அக்கையைப் பிடித்து விலக்கினார். எழுந்தவருக்குச் சினம் இல்லை, பகைவர் நண்பராயினார். அகுஸ்தீனார் யூதாஸுக்கு இல்லையென்ற அவ்விடத்தைக் கலிக்காமருக்கு இறைவன் உயிர் பிரிந்த பின்னர் அருளினான். அதனை அளித்ததும் எவர் முகத்தில் விழியேன் என அவர் மடிந்தாரோ அவர் முன்னிலையிலேயே.