மாங்காய் மண்டியில் ஒரு கறுப்புத் திரை

டேட்டாபேஸ் என்றதும் மிரளுகிற எல்லோருக்கும் சொல்கிறேன்: மவுஸை ஓரமாக வைத்துவிட்டு, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோடு டெர்மினலில் தட்டச்சு செய்தே பேச உதவும் பிஎஸ்க்யூஎல் கற்றுக்கொள்ளுங்கள். அடடா, என்ன சுகம்!

முதலமடை மாங்காய்க்கு அவசரம் அதிகம். மற்ற ஊர்களில் காய் திரளும் முன்பே இங்கே பறித்து வடநாட்டுக்கு லோடு ஏற்றிவிடுவார்கள். செந்தூரம், பங்கனப்பள்ளி, கிளிமூக்கு, அல்போன்சா என்று ரகவாரியாக, தோட்டவாரியாக எடை பதிய வேண்டும். எங்கள் மண்டியில் அத்தனையும் போஸ்ட்கிரெஸில்தான். பார்த்துக்கொள்வது நான், கையில் ஒரு பழைய லேப்டாப், அதில் டெர்மினல். வேறொன்றும் வேண்டாம்.

பேக்ஸ்லாஷ் போட்டு 'எல்' தட்டினால் டேட்டாபேஸ்கள் வரிசைகட்டி நிற்கும். 'டிடி' என்றால் டேபிள்கள். தோப்புக்குள் சிக்னல் ஒற்றைக் கோடாக இருந்தாலும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய்விடலாம். போவதும் வருவதும் வெறும் எழுத்துதானே!

அந்த ப்ராம்ப்ட் இருக்கிறதே, அதுதான் என் செல்லம். 'மண்டி=#' என்று காட்டினால் சூப்பர்யூசராக இருக்கிறோம், கை கவனம். செமிகோலனை விட்டுவிட்டு என்டர் தட்டினால் '=' இருந்த இடத்தில் '-' வந்து, "இன்னும் முடிக்கவில்லையே" என்று கேட்கும். 'பிகின்;' கொடுத்துவிட்டால், 14ஆம் பதிப்பிலிருந்து, கூடவே ஒரு நட்சத்திரமும் மின்னும்.

'பிகின்' சாதாரண ஆள் இல்லை. கிளிமூக்கு விலையைப் பன்னிரண்டு வரிகளில் திருத்தணும் என்று வையுங்கள். அப்டேட் கொடுத்ததும் திரை 'அப்டேட் 40' என்கிறது. பதறவே வேண்டாம். 'ரோல்பேக்;' என்றால் எல்லாம் பழையபடி! கணக்குச் சரியாக வந்தால் மட்டும் 'கமிட்;'.

யாருக்கு எவ்வளவு உரிமை என்பதும் ஒரே வரிதான். கணக்குப்பிள்ளைக்குப் பார்க்க மட்டும் 'கிராண்ட் செலக்ட்', எடை பதிகிற பையனுக்கு 'இன்செர்ட்' மட்டும். முடிந்தது வேலை.

எல்லாவற்றுக்கும் மேலே பிஜி_டம்ப்! ராத்திரி லாரி நிற்கும், எடை ஏறிக்கொண்டே இருக்கும். யாரையும் நிறுத்தச் சொல்லாமல், தான் தொடங்கிய நொடியில் கணக்கு எப்படி இருந்ததோ அப்படியே நகல் எடுத்துத் தந்துவிடும். கிரானில் எழுதி வைத்தால் தினமும் தானாக நடக்கும். அந்த நகலை அவ்வப்போது வேறொரு டேட்டாபேஸில் ஏற்றி, வரிகளை எண்ணிப் பார்ப்பேன். திரும்ப ஏறாத பேக்கப் இருந்தென்ன, போயென்ன?

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் 1986இல் தொடங்கியது போஸ்ட்கிரெஸ். போஸ்ட்கிரெஸ்95 காலத்தில் பிஎஸ்க்யூஎல் வந்து சேர்ந்தது. இத்தனைக்கும் லைசென்ஸ் காசு என்று ஒரு பைசா கிடையாது!

சீசன் சூடுபிடிக்கும் முன்னால் 'கிரியேட்டிபி' கொடுத்து ஒரு வெற்று டேட்டாபேஸ் உருவாக்குங்கள். அதில் இஷ்டத்துக்கு விளையாடுங்கள். குழம்பிப்போனால் 'டிராப்டிபி', மறுபடி 'கிரியேட்டிபி'. ஒரு வாரத்தில் பயம் போய்விடும், அப்புறம் மவுஸைத் தேடவே மாட்டீர்கள்.