கல்லீரல் இணங்கும் நயம்

ஒரு பன்றியின் கல்லீரலை இன்னொரு பன்றிக்கு வைத்துப் பார்த்த ராய் கால்னின் கேம்பிரிட்ஜ் குழு, 1969இல் தன் முடிவுகளை வெளியிட்டது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எதுவும் தராமலே பல பன்றிகள் அந்தக் கல்லீரலோடு நெடுநாள் வாழ்ந்தன. அதைவிட நுட்பமான செய்தி அடுத்து வருகிறது. கல்லீரல் தந்த அதே பன்றியின் சிறுநீரகத்தையும் அந்த உடல் ஏற்றுக்கொண்டது. அதன் தோல்கூட வழக்கத்தைவிட அதிக நாள் ஒட்டி நின்றது. கல்லீரல் இல்லாமல் தனியே போயிருந்தால் அந்தச் சிறுநீரகம் சீக்கிரமே நிராகரிக்கப்பட்டிருக்கும்.

மனிதர்களிடம் இவ்வளவு தாராளம் இல்லை, மாத்திரை வேண்டும். ஆனாலும் சிறுநீரகத்துக்குப் பார்ப்பதுபோல் கல்லீரலுக்கு எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளப் புரதங்களின் பொருத்தம் பார்ப்பதில்லை. இரத்த வகையும் உறுப்பின் அளவும் ஒத்துவந்தால் பெரும்பாலும் போதும். இந்தப் பெருந்தன்மை எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், நுண்ணோக்கியின் கீழ் விரியும் வேலைப்பாடு மலைக்க வைக்கிறது.

நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இரத்தம் கல்லீரலுக்குள் பாய்கிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருவது. செரித்த சோற்றின் சத்தோடு குடல் பாக்டீரியாக்களின் துணுக்குகளும் அதில் மிதந்து வரும். வந்த ஒவ்வொன்றுக்கும் கொதித்தெழுந்தால் உடம்புக்கு ஒரு வேளைச் சாப்பாடுகூட ஆகாது. ஆகவே கல்லீரல் பிறந்ததிலிருந்தே பொறுமை பழகிய உறுப்பு. சைனுசாய்டு எனப்படும் நுண் கால்வாய்களில் இரத்தம் மெல்ல ஊர்கிறது. நம் திசுக்களில் நிலையாகக் குடியிருக்கும் விழுங்கு செல்களில் பத்தில் எட்டுப் பங்கு இங்கேதான், குஃப்பர் செல்கள் என்ற பெயரில், கால்வாய்ச் சுவரைப் பற்றிக்கொண்டு கிடக்கின்றன. வருவதை விழுங்குகின்றன, விழுங்கிய கையோடு இன்டர்லூகின்-10 போன்ற, அழற்சியைத் தணிக்கும் புரதங்களைச் சுரக்கின்றன.

அந்தச் சுவரைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அது ஒரு சல்லடை. துளை ஒவ்வொன்றின் அகலமும் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. மற்ற இரத்த நுண்குழாய்களின் சுவருக்கு அடியில் இருக்கும் அடித்தளச் சவ்வு இங்கே கிடையாது. கால்வாயோ குறுகல், உள்ளே வரும் டி செல், அதாவது அந்நியத்தை அடையாளம் கண்டு தாக்கும் வெள்ளணு, சுவரை உரசிக்கொண்டுதான் நகர முடியும். அப்படி நகரும்போது, தன் உடலிலிருந்து ஒரு மெல்லிய நீட்சியைத் துளைக்குள் செலுத்தி, அப்பாலிருக்கும் கல்லீரல் செல்லைத் தொட்டுப் பார்க்கிறது! எலிகளின் கல்லீரலை மின்னணு நுண்ணோக்கியில் வைத்து சிட்னி ஆய்வாளர்கள் 2006இல் இதைக் காட்டினார்கள்.

இந்தத் தொடுகை ஏன் பெரிய விஷயம்? போர்க்களம் காணாத டி செல் வழக்கமாக நிணநீர்க் கணுவில்தான் அந்நியப் புரதத்தை முதன்முதலில் சந்திக்கும். அங்கே டென்ட்ரிடிக் செல் புரதத்தைக் காட்டுவதோடு, 'தாக்கலாம்' என்று உறுதிசெய்யும் இரண்டாவது சமிக்ஞையையும் தருகிறது. கல்லீரல் செல் புரதத்தைக் காட்டுவதோடு சரி. உறுதி கிடைக்காத டி செல் கிளர்ந்தெழுகிறது, பெருகவும் செய்கிறது, ஆனால் நிலைப்பதில்லை. சில நாட்களில் மடிந்துவிடுகிறது.

அந்த மடிவுகளில் ஒன்று என்னை விட்டு அகலவே இல்லை. பாட்ரிக் பெர்டோலினோவின் சிட்னி குழு 2011இல் எலிகளிடம் கண்டது இது. கல்லீரலில் கிளர்ந்த டி செல்கள் சில மணி நேரத்துக்குள் கல்லீரல் செல்களுக்குள்ளேயே நுழைகின்றன. எதைத் தாக்க வேண்டுமோ அதன் வயிற்றுக்குள் போய், அங்குள்ள செரிமானப் பைகளில் கரைந்துபோகின்றன. நுழைவதை ஒரு வேதிப்பொருளால் தடுத்தபோது, அந்த டி செல்கள் கல்லீரலில் குவிந்து அதைச் சேதப்படுத்தின. பலசாலி என்று நாம் நினைப்பது விழுங்கு செல்லை; இங்கே சத்துகளைச் சேமிக்கும் சாதுவான கல்லீரல் செல் அந்த விழுங்கும் வேலையைச் செய்கிறது. உடலியலில் இத்தனை அடக்கமான ஒரு காரியத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இதைவிட வியப்பு தருவது முதல் சில நாட்களின் கதை. கொடையாளியின் கல்லீரல் தனியாக வருவதில்லை. அதில் தங்கியிருந்த வெள்ளணுக்களும் பெரும் எண்ணிக்கையில் கூடவே வருகின்றன. புது உடலுக்குள் போனதும் அவை மண்ணீரலுக்கும் நிணநீர்க் கணுக்களுக்கும் பரவுகின்றன. இவைதான் நிராகரிப்பைத் தூண்டும் என்று யாருக்கும் தோன்றும். தானாகவே கல்லீரலை ஏற்கும் எலி வகைகளில், கொடையாளிக்கு முன்கூட்டியே கதிர்வீச்சு கொடுத்து அந்த வெள்ளணுக்களை அழித்துப் பார்த்தார்கள். ஏற்க வேண்டிய கல்லீரலை உடல் நிராகரித்தது! தொடக்க நாட்களில் ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்பாற்றலை அமுக்கினாலும் அதே விளைவுதான். ஏற்பு என்பது கண்டுகொள்ளாமல் விடுவதால் வருவதில்லை. இரு தரப்புச் செல்களும் ஆரம்பத்திலேயே முழு வேகத்தில் மோதி, பெறுபவரின் டி செல்கள் தீர்ந்து ஓய்ந்த பிறகே அமைதி பிறக்கிறது. அந்த மோதலை நடக்கவிடாமல் செய்தால் அமைதியும் இல்லை.

வந்தவர்கள் தங்கியும் விடுகிறார்கள். கல்லீரல் மாற்றின் முன்னோடியான தாமஸ் ஸ்டார்ஸ்ல், பல்லாண்டுகளுக்கு முன் உறுப்பு பெற்றவர்களின் தோலிலும் நிணநீர்க் கணுக்களிலும் கொடையாளியின் செல்கள் இருப்பதை 1992இல் எடுத்துச் சொன்னார். கல்லீரலுக்குள்ளேயே குடியிருக்கும் ஒரு வகை இயற்கைக் கொல்லி செல்களில் கொடையாளியுடையவை 13 ஆண்டுகள் கழித்தும் உயிரோடிருந்ததை 2016இல் கண்டார்கள். ஆஸ்திரேலியாவில் 9 வயதுச் சிறுமி ஒருத்தியிடமோ இது உச்சத்துக்கே போனது. கல்லீரல் வைத்துச் சில மாதங்களில் அவளுடைய ஓ நெகட்டிவ் இரத்தம் ஓ பாசிட்டிவாக மாறியிருந்தது. எலும்பு மஜ்ஜையே கொடையாளியின் செல்களுடையதாகிவிட்டது. அவளிடம் மிச்சமிருந்த பழைய சிவப்பணுக்களைப் புதிய எதிர்ப்பாற்றல் அழிக்கத் தொடங்கியதால் மருத்துவர்கள் திகைத்தார்கள். கடைசியில் அடக்கும் மருந்தையே நிறுத்தினார்கள், அவள் நலமானாள். 2008இல் இது மருத்துவ இதழில் வெளிவந்தது.

மோதலுக்குப் பிந்தைய அமைதியைக் கட்டிக்காப்பதில் ஒழுங்குபடுத்தும் டி செல்களுக்குப் பெரும் பங்குண்டு. 1995இல் ஷிமோன் சகாகுச்சி அடையாளம் காட்டிய இச்செல்களுக்காக அவருக்கும் மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் இருவருக்கும் 2025ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. அவை மற்ற டி செல்களை அடங்கச் செய்கின்றன.

இதெல்லாம் நோயாளியின் மாத்திரை டப்பாவரை வந்து சேருமா? ஐரோப்பாவில் மருத்துவர் கண்காணிப்பில் மருந்தைப் படிப்படியாகக் குறைத்த ஆய்வொன்று 2013இல் வெளியானது. அதை முடித்த 98 பேரில் 41 பேர் மருந்தே இல்லாமல் நின்றார்கள். மாற்று அறுவை முடிந்து பத்தாண்டு தாண்டியவர்களிடம் வெற்றி கூடுதல். அடிக்கடி இரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் பயாப்சியும் செய்து நடத்திய முயற்சி அது. வீட்டிலிருந்தபடி தானாக மாத்திரையை நிறுத்துவது கையிலிருக்கும் கல்லீரலைப் பறிகொடுக்கும் வழி.

ஜப்பானில் சப்போரோவின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் இன்னும் துணிச்சலாக முயன்றார்கள். உயிருடனிருக்கும் கொடையாளியிடம் கல்லீரல் பெற்ற 10 பேரின் வெள்ளணுக்களை எடுத்து, கொடையாளியின் செல்களோடு ஆய்வகத்தில் சேர்த்து வளர்த்து, இரண்டாவது சமிக்ஞையை மட்டும் தடுத்தார்கள். கல்லீரல் செல் இயல்பாகச் செய்வதும் அதுதானே! அப்படிப் பழக்கிய செல்களைத் திரும்பச் செலுத்தினார்கள். 7 பேரால் மருந்தை முழுதாக விட முடிந்தது. மற்ற மூவருக்கும் மருந்தைக் குறைத்தபோது லேசான நிராகரிப்பு தலைகாட்டியதால் மீண்டும் தொடர்ந்தார்கள். இந்த மூவரின் பழைய கல்லீரலைக் கெடுத்தது அவர்கள் உடலின் எதிர்ப்பாற்றலே உண்டாக்கிய நோய்.