பண்ணையாள், குத்தகைதாரர், குடியிருப்பாளர்: தஞ்சை நிலச் சட்டங்களின் வரையறைகள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

தஞ்சை நிலச் சீர்திருத்தம் பெரும்பாலும் 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டத்தைக் கொண்டே அளக்கப்படுகிறது. 30 தர ஏக்கர் என்ற வரம்பு 1970இல் 15 ஆகக் குறைந்தபின் எவ்வளவு நிலம் உபரியாயிற்று என்பதே முதன்மை வினாவாகிறது. இவ்வளவுகோல் போதாது. காவிரிப் படுகையில் பெருநிலம் உடைய கோயில்களும் மடங்களும் சமய அறநிலைகள் என்ற வகையில் உச்சவரம்புக்கு வெளியே நின்றன. உழுதவரின் நிலையைத் தீர்மானித்தவை சட்டங்களின் வரையறைப் பிரிவுகளே.

பண்ணையாளும் கூலியாளும்

1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் இவ்விரு பிரிவினரையும் விருப்பம்போல் வெளியேற்றுவதைத் தடுத்தது. எனினும் பண்ணையாள் என்பது ஒரு மிராசுதாரரோடு நிலையாகப் பிணைந்த உறவின் பெயர். நாட்கூலியாளுக்கு அது பொருந்தாது. மிராசுதாரர்கள் நாட்கூலி முறைக்கு மாறியபோது, சட்டம் காக்க வந்த உறவே மறைந்தது. அடிமைத்தளை தளர்ந்தது ஆதாயமே. ஆயினும் அதனோடு வேலை உறுதியும் போயிற்று. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னணியில் இருந்தது நிலவுரிமை வழக்கன்று, கூலிப் போராட்டம். அதன் பின்னரே, 1969இல், நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

குத்தகையும் சான்றும்

1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தாமோ குடும்பத்தாரோ உடலுழைப்பு நல்கிப் பயிரிடுபவரைக் குத்தகைதாரராக ஏற்றது. வாய்மொழி ஒப்பந்தமும் அதற்குப் போதும். 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் அவ்வுரிமைக்கு ஏட்டுச் சான்று தந்தது. ஆனால் அடுத்த போகத்திற்கும் அதே வயலை நம்பியிருப்பவர், உடைமையாளரைப் பகைத்துக்கொண்டு பதிவு கோருவது எளிதன்று. பதிவேட்டில் பெயரில்லாமையைக் குத்தகை இல்லாமையாகக் கொள்ளும் ஆய்வு இங்கே பிழைபடுகிறது.

மனைக்கட்டு

மிராசுதாரர் நிலத்தில் குடிசையிட்டவர், கூலி உயர்வு கேட்டால் குடிசையையும் இழக்க நேரலாம். 1961ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுத்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் மனையையே உடைமையாக்கியது. வயல் கைமாறவில்லை, ஆயினும் கூலி பேசுபவர் நிற்பதற்குச் சொந்தமாக ஓர் இடம் கிடைத்தது. உபரி ஏக்கர் கணக்கில் இம்மாற்றம் இடம்பெறுவதில்லை.

முடிவுரை

நிலச் சட்டம் நிலத்தை மட்டும் பங்கிடுவதில்லை. யார் உரிமை கோரத் தக்கவர் என்பதையும் வகுக்கிறது. எனவே தஞ்சை நிலவுடைமை ஆய்வு, வரையறைப் பிரிவுகளையும் அவற்றுக்கு வெளியே விடப்பட்டோரையும் சேர்த்துப் பயில வேண்டும்.